அரை டன் உட்காரும் இடம்

படகு சாய்ந்து நிற்கிறது என்று முதலில் பார்த்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. படகுகளுக்குப் பெயர் எழுதுவதும், தண்ணீர் எதுவரை ஏறலாம் என்று காட்டும் சிவப்புக் கோடு போடுவதும் என் பிழைப்பு. நான் போட்ட கோடு தண்ணீருக்குள் கிடந்தால் எனக்குத்தான் முதலில் வயிறு எரியும். வலப்பக்கக் கோடு பின்பாதியில் காணவே இல்லை. இடப்பக்கம் பாசி பிடித்த பலகை ஒரு சாண் அகலத்துக்கு வெளியே தெரிந்தது.

"என்னப்பா, உன் படகு குடிச்சிட்டு நிக்குது?" என்று தம்பிக்காரனைக் கேட்டேன்.

அவன் படகுக்குள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "டீசல் வாடை அடிக்குதா பாருங்க" என்றான்.

குனிந்து மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இறைத்து ஊற்றிய தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் மிதந்து போனது.

தம்பிக்காரன் என்று நான் சொல்வது அரை டன்னின் தம்பியை. அரை டன் என்பது அவன் அண்ணனுக்குப் படகுத்துறை வைத்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அப்படியொரு உடம்பு. படகில் அவர் காலை வைத்தால் பக்கத்துப் படகும் சேர்ந்து ஆடும். அக்கரைக்குக் காய்கறி, தண்ணீர் கேன், சிமெண்ட், சில நாள் ஒரு பீரோ, சில நாள் பள்ளிக்கூட வாத்தியார் என்று எதைக் கொடுத்தாலும் ஏற்றிப் போகும் சின்ன மோட்டார் படகு அது. நடுவில் எஞ்சின் பெட்டி. அதற்குப் பின்னால், இடப்பக்க ஓரத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அரை டன் சுக்கான் பிடிப்பார். வேறு இடத்தில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். இடது தோளைப் படகின் விளிம்பில் சாய்த்துக்கொண்டால்தான் அவருக்கு வழி தெரியுமாம்.

படகு வாங்கின புதிதில் அவர் உட்கார்ந்ததும் அது இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆளை நகர்த்த முடியாது, எஞ்சினை நகர்த்த முடியாது. அதனால் டீசல் டேங்கை நகர்த்தினார்கள். எல்லாப் படகிலும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் டேங்க், இதில் மட்டும் இரண்டுமே வலப்பக்கம், ஒன்றன் பின் ஒன்றாக. "டேங்கும் அரை டன்னும் எதிரெதிர்க் கட்சி, படகு மட்டும் நடுநிலை" என்று துறையில் சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். எஞ்சின் பெட்டி மேல் டீ கிளாஸை வைத்து, "பாரு, ஒரு பக்கமாவது சாஞ்சிருக்கா?" என்பார். டீ சமமாக நிற்கும்.

இப்போது அரை டன் படுக்கையில். ஒரு காலை வேளையில் பல் தேய்க்கும்போது வலது கை விழுந்தது, கால் விழுந்தது, வாயில் பாதி விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அழுது நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். ரேடியோ கேட்கும், பாத்திரம் கேட்கும், தண்ணீர் ஊற்றுவது கேட்கும். அழுகை மட்டும் கேட்கவில்லை. மரத்துப்போனது அவர் கைகால் மட்டும்தானா என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

படகைச் சரிவில் இழுத்துக் கரையேற்றினோம். வெல்டர் வந்தான். வாய் ஓயாத ஆள். பற்றவைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டும் பேசுவான். தரைப் பலகையைக் கழற்றி, டேங்கைப் பிடித்திருந்த பட்டையை அறுத்து, இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். தூக்கும்போதே அடித் தகடு பிய்ந்து பாதி கீழேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? அப்பளம் மாதிரி நொறுங்குது" என்று ஒரு துண்டை விரலால் பொடித்துக் காட்டினான். "மேல தகடு புதுசு கணக்கா இருக்கு. அடியில மட்டும் பூரா துரு. இது டேங்க் பழசானதால வந்தது இல்ல."

"பின்ன?" என்றான் தம்பிக்காரன்.

"படகு இந்தப் பக்கம் சாஞ்சே நின்னிருக்கு. உள்ள வர்ற தண்ணி எல்லாம் இங்கதான் வந்து தேங்கியிருக்கு. டேங்க் மாசக்கணக்கா உப்புத் தண்ணியில உக்காந்திருந்தா என்ன ஆகும்? அந்தப் பக்கம் உங்க அண்ணன் இருந்த வரைக்கும் தண்ணி நடுவுல நின்னுச்சு, இறைச்சீங்க, போச்சு."

தம்பிக்காரன் திரும்பி அண்ணன் உட்காரும் பலகையைப் பார்த்தான். அதில் ஒரு துணி மடித்துக் கிடந்தது. அரை டன் உட்கார மடித்துப் போட்ட பழைய துண்டு, யாரும் எடுக்கவில்லை.

"இனிமே எவர்சில்வர் தகடுலயே அடிச்சுடறேன்" என்றான் வெல்டர். "உள்ள தடுப்பு வெச்சு, அடியில ரப்பர் குடுத்து, தண்ணி நிக்காத மாதிரி தூக்கி வெச்சுடலாம். ஆனா எங்க வைக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க. பக்கத்துக்கு ஒண்ணா வெச்சா ஒரு அளவு, ஒரே பக்கம்னா ஒரு அளவு."

"பக்கத்துக்கு ஒண்ணு" என்று சட்டென்று சொல்லிவிட்டான் தம்பிக்காரன்.

"அப்போ இடது டேங்க் இந்தப் பலகை இருக்கற எடத்துலதான் வரும். பலகையைக் கழட்டணும்."

"வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று படகை விட்டு இறங்கினான்.

நானும் கூடப் போனேன். அழைக்கவில்லைதான். ஆனால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு அழைப்புத் தேவைப்படுவதில்லை. முதல் மாதங்களில், நான் அக்கா என்று கூப்பிடுகிற அரை டன்னின் மனைவி, சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் நான் ஓட வேண்டும். அரை டன்னைப் புரட்ட, உட்கார வைக்க, கழிப்பறைக்குக் கொண்டுபோக, அக்கா, தம்பிக்காரன், நான் என்று மூன்று பேர் வேண்டும். தூக்கிக் கீழே வைப்பதற்குள் மூச்சு வாங்கும். "என்னண்ணே, கல்லையா சாப்பிடறீங்க" என்பேன். பாதி வாயால் சிரிப்பார். பிறகு தட்டுவது குறைந்து, கடைசியில் நின்றே போனது. ஆள் தேறி வருகிறார், தானே எழுந்துகொள்கிறார் என்று நினைத்து எனக்கு நிம்மதி.

உள்ளே அரை டன் நாற்காலியில் இருந்தார். நாற்காலிக் கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அதுதான் சுக்கான். டாக்டர் கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். இவர் இந்த வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார். விழாத இடது கையால் கட்டையை முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார். விழுந்த வலது கையில் ஒரு ரப்பர் பந்து. அதை அமுக்க வேண்டும். அமுக்கவில்லை என்றால் பந்து உருண்டு விழும். தொம் என்று சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அக்கா எடுத்து மறுபடி கையில் வைப்பார். மறுபடி தொம்.

"டே... டேங்கு?" என்றார் எங்களைப் பார்த்ததும்.

"அடி போயிடுச்சுண்ணே. புதுசா அடிக்கணும்" என்றான் தம்பிக்காரன்.

"அதே... எடம்." இடது கையால் துடைப்பக் கட்டையைத் தட்டினார். "அதே எடத்துல... வை."

"இல்லண்ணே, வெல்டர் என்ன சொல்றான்னா..."

"வர்றேன்ல? நா... வந்து உக்காந்தா... சாயும்ல?"

தம்பிக்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஒரு கிண்ணத்தில் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிய்த்து அதில் போட்டார். "அதே எடத்துல வெச்சுடச் சொல்லு தம்பி" என்றார். கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்தோம். அக்காவும் பின்னாலேயே வந்தார். வாசலிலேயே தம்பிக்காரனுக்குக் கோபம் வந்தது. அவன் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாம பேசறீங்களா, தெரிஞ்சே பேசறீங்களா? போகும்போது சாமானை எல்லாம் இடப்பக்கம் அடுக்கிச் சமாளிக்கறேன். வரும்போது என்ன செய்வேன்? காலிப் படகு. போன வாரம் காத்து குறுக்க அடிச்சப்போ வலப்பக்கம் தண்ணி உள்ள வந்துச்சு. எஞ்சின் நின்னுருந்தா நான் இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். பெயிண்டர் சொன்னாரு."

சொன்னது நான்தான். தம்பிக்காரன் என்னை ஒரு முறை முறைத்தான்.

"தெரிஞ்சும் அதே எடம்னா என்ன அர்த்தம்? அண்ணன் இனி படகு ஏறுவாருன்னு நீங்க நம்பறீங்களா?"

"நான் எதையும் நம்பல தம்பி."

"அப்புறம்?"

"பந்து விழுந்தா எடுத்துக் குடுக்கறேன். திரும்ப விழுது, திரும்பக் குடுக்கறேன். அவரு அந்தக் கட்டையைப் பிடிச்சுத்தான் உயிரை வெச்சிட்டிருக்காரு. அந்த எடத்துல டேங்கு வந்துடுச்சுன்னு போய் யாரு சொல்றது? நீ சொல்றியா?"

உள்ளே தொம் என்று கேட்டது. அக்கா போய்விட்டார்.

வெல்டர் டேங்க் அடித்து முடிக்கும்வரை துறையில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பழைய டேங்கை அறுக்கும் முன் அதில் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினான். "டீசல் தீர்ந்துட்டாலும் உள்ள ஆவி உக்காந்திருக்கும். நெருப்பைக் காட்டினா என்னையும் சேத்துப் பத்த வெச்சிடும்" என்றான். அளவுக்கு மட்டும்தான் அந்தப் பழசு. புதுத் தகட்டை வளைத்து, ஓரம் பற்றவைத்து, வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தான். தையல் முழுக்க சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, குழந்தை மாதிரி உட்கார்ந்து எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தான். ஒரு மூலையில் ஒன்று வந்தது. திட்டிக்கொண்டே திரும்பப் பற்றவைத்தான். புது டேங்க் இரண்டும் முகம் பார்க்கிற மாதிரி மின்னின. எதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் தொட வேண்டிய வேலை அதில் ஒன்றுமில்லை என்று அன்றைக்கும் பொறாமைப்பட்டேன்.

இரண்டையும் வலப்பக்கமே வைத்தார்கள். அடியில் ரப்பர், மேலே பட்டை. பட்டையை நிரந்தரமாக முறுக்காமல் கயிறு போட்டு மட்டும் கட்டச் சொன்னான் தம்பிக்காரன். "அண்ணி சொன்னாங்க" என்றான் வெல்டரிடம். எனக்கு அது அப்போது புரியவில்லை. பட்டைக்கு ஏதோ ஆணி வரவேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

படகைத் தண்ணீரில் இறக்குகிற அன்று அரை டன் வந்தார். அவர் வருவார் என்று துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேலை இல்லாதவன் எல்லாம் கயிறு சுற்றுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றான். சக்கர நாற்காலியில் தம்பிக்காரன் தள்ளிக்கொண்டு வந்தான். சலவைச் சட்டை. கழுத்துப் பட்டன் போட்டும் சட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே என் கை நுழையும். பெல்ட்டில் கடைசி ஓட்டையைத் தாண்டி ஆணியால் புதிதாக ஒன்று குத்தியிருந்தது. ஆனாலும் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. தினம் பார்க்கிற ஆளின் உருவம் கண்ணுக்கு உறைப்பதில்லை.

டேங்க் இரண்டிலும் டீசலை நிரப்பினார்கள். படகு வலப்பக்கம் சாய்ந்தது. அது தெரிந்ததுதான். "இப்ப நம்ம அரை டன் ஏறட்டும், சரியாயிடும்" என்றார் யாரோ. அரை டன்னுக்கு முகத்தில் பாதி மலர்ந்தது.

நாங்கள் மூன்று பேரும் பிடித்தோம். அக்கா இடுப்பில், தம்பிக்காரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் பல்லைக் கடித்து, கால் அகட்டி, பழைய பாரத்துக்குத் தயாராகத் தூக்கினேன். தூக்கின வேகத்தில் பின்னால் விழப் பார்த்தேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

அவரைப் பலகையில் உட்கார வைத்தோம். துறையில் ஒரு பழக்கம் உண்டு. அரை டன் ஏறும்போது படகில் இருக்கிறவன் எவனும் தன்னை அறியாமல் வலப்பக்கம் ஒரு கால் மாற்றி வைப்பான்; இல்லையென்றால் தண்ணீரில் போவான். தம்பிக்காரனும் அப்படித்தான் வைத்தான். அவர் உட்கார்ந்தும் படகு இடப்பக்கம் சாயவில்லை; இவன் கால் வைத்ததால் படகு வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. உடனே காலை எடுத்தான். படகு பழையபடி, வலப்பக்கம் சாய்ந்தே நின்றது.

அரை டன் இடது தோளைப் படகின் விளிம்பில் சாய்க்கப் பார்த்தார். விளிம்பு மேலே போயிருந்தது; தோள் எட்டவில்லை. சுக்கானைப் பிடித்தார். முன்னால் தள்ளிப் பார்த்தார், பின்னால் இழுத்துப் பார்த்தார்.

"டீ" என்றார்.

அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து கிளாஸில் ஊற்றி எஞ்சின் பெட்டி மேல் வைத்தார். அவர் குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். கிளாஸில் டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது. இன்னொரு பக்கம் ஒரு விரல் கீழே இருந்தது. கிளாஸே வலப்பக்கம் மெல்ல நகர்ந்தது. தம்பிக்காரன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

"விடு" என்றார் அரை டன்.

அவன் விட்டான். கிளாஸ் பெட்டியின் ஓரச் சட்டத்தில் போய் முட்டி நின்றது.

படகைக் கட்டியிருந்த கயிறு இழுபட்டுத் தளர்ந்தது. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் போனார்கள். அதற்கு நான் அவர்களை மனசுக்குள் வாழ்த்தினேன்.

"நா... எத்தன கிலோ இருப்பேன்?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரியலங்க. நிறுத்துப் பாக்கல."

"நீ ஒருத்தியா... தூக்கற."

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

அக்கா ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் தட்டுவது நின்றது அவர் தேறி வந்ததால் இல்லை.

அரை டன் தன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கரையில் நின்ற வெல்டரைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் பேசாமல் நின்றான்.

"ஒண்ணத் தூக்கி... இங்க வை" என்றார். பலகையைத் தட்டினார். "பக்கத்துக்கு... ஒண்ணு."

"அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்கலாம்ணே" என்றான் தம்பிக்காரன். இத்தனை நாள் மாற்ற வேண்டும் என்று நின்றவன் அவன்தான்.

"போடா. காத்துல... முழுகிச் சாவியா? என்னை... எழுப்பு."

தூக்கி நாற்காலியில் வைத்தோம். போகாமல் அங்கேயே இருந்து பார்த்தார். வெல்டர் பலகையைக் கழற்றினான். நான்கு ஆணி, நான்கும் துருப்பிடித்து, நெம்பினால்தான் வந்தன. மடித்துக் கிடந்த துண்டை அக்கா எடுத்து உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு டேங்கைக் கயிறு அவிழ்த்துத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். முன்னால் ஒரு விரல், பின்னால் ஒரு விரல் என்று நகர்த்தினார்கள். இரண்டு டேங்குக்கும் நடுவே குழாய் கொடுத்து, பட்டையை முறுக்கி, ஆணி அடித்தார்கள். கயிறு எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

அவர்கள் வேலை செய்யும்போது அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தினமும் தூக்கறவளுக்குத் தெரியாதா?"

"அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா என் மேல கோவம் வரும். தம்பி சொன்னா தம்பி மேல வரும். காலம் பூரா அந்தக் கோவத்தோட ஒரே வீட்ல இருக்கணும். படகு சொல்லிடுச்சு. அது மேல என்ன கோவப்படறது?" துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அவரைக் கூட்டிட்டு வரும்போது எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

படகு நேராக நின்றது. அரை டன் என்னைக் கூப்பிட்டார். "கோடு... எப்படி?"

இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்குண்ணே."

"அப்ப சரி" என்றார்.

வீட்டுக்குப் போன பிறகு, விளக்கு போடும் நேரத்தில், சுவரில் இரண்டு தட்டு கேட்டது. மாசக்கணக்கில் கேட்காத சத்தம். சட்டையை மாட்டாமலே ஓடினேன். தம்பிக்காரன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். நாற்காலிக் கையில் துடைப்பக் கட்டை இல்லை. கயிறு மட்டும் தொங்கியது. கட்டை பழையபடி மூலையில் துடைப்பத்தோடு நின்றது.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகல. கட்டில்ல படுக்க வைக்கணும். உங்க ரெண்டு பேரையும் கூப்பிடச் சொன்னாரு. மூணு பேரும் தூக்கணுமாம்."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தபடி கையைத் தூக்கிக் காத்திருந்தார். நாங்கள் பழைய இடங்களில் நின்றுகொண்டோம். அக்கா இடுப்பில், தம்பிக்காரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கினோம். எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மாடி!" என்று முக்கினேன். தம்பிக்காரனும் மூச்சு வாங்குகிற மாதிரி, "என்னண்ணே, கல்லையா சாப்பிடறீங்க" என்றான்.

அரை டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி வாய் அசைந்தது.

"இன்னும்... கொஞ்சம் மெதுவா" என்றார். "கனமா... இருக்கேன்ல."

"ஆமாண்ணே" என்றேன்.

நாங்கள் மெதுவாகவே கொண்டுபோனோம். நாலடி தூரம்தான். அதை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, படுக்க வைத்தோம். அக்கா ரப்பர் பந்தை எடுத்து அவர் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடி, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். பந்து விழும் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை.